உச்சி ஓணானுக்குப் பாராட்டு விழா

ஒரு மலை இருந்தது. அதன் உச்சியில் ஓர் ஓணான் இருந்தது. அந்த இனம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஒரு காலத்தில் அது மலையின் இடுப்புவரை பரவியிருந்தது. கீழே சூடு ஏற ஏற மேலே நகர்ந்து நகர்ந்து, இப்போது உச்சியில் ஒரு வீட்டு மனை அளவு இடம்தான் மிச்சம். அங்கே ஒரு பாறைக்கு அடியில், ஈரப் பாசிக்குள் அந்த ஓணான் நான்கு முட்டைகள் இட்டிருந்தது.

இந்தச் செய்தி சமவெளியில் இருந்த புகையின் காதுக்கு எட்டியது. புகைக்கு விழா எடுப்பதென்றால் உயிர். "இப்படியொரு அபூர்வப் பிறவி நம்ம மலையில இருக்கு. நாம சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று லாரி, புகைபோக்கி, குப்பைமேடு எல்லோரையும் கூட்டிப் பாராட்டுக் குழு அமைத்தது. தலைமை தாங்க வெயிலைப் பிடித்துவிட்டார்கள். படம் தெளிவாக விழாது என்று மூடுபனியை மட்டும் அன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

குறித்த நாளில் எல்லோரும் மேலே வந்து சேர்ந்தார்கள். வெயிலுக்கு நாற்காலியைச் சரியாக அந்தப் பாறை மேலேயே போட்டார்கள்.

ஓணான் ஓடி வந்தது. "ஐயா, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பாறைக்கு அடியிலதான் என் முட்டைங்க இருக்கு. கொஞ்சம் கீழே இறங்கிப் போயிட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

வெயிலுக்குச் சங்கடமாகிவிட்டது. "இவ்வளவு உசரம் ஏறணும்னு எனக்கு மட்டும் ஆசையாம்மா? புகை அண்ணன்தான் விடாப்பிடியாக் கூட்டிட்டு வந்தாரு. அவரு விட்டாத்தான் நான் இறங்க முடியும்" என்றது. அன்று வந்தவர்களில் உண்மை பேசிய ஒரே ஆள் அதுதான்.

ஓணான் புகையிடம் ஓடியது. "ஒரே ஒரு வார்த்தை பேச விடுங்கய்யா."

"ஏற்புரை கடைசியிலதாம்மா" என்றது புகை.

லாரி முக்கால் மணி நேரம் பேசியது. இவ்வளவு சின்ன இடத்தில் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்களோ என்று ஓணானின் எளிமையை வியந்தது. குப்பைமேடு கண் கலங்கியது. பாறை கொதித்தது. பாசி காய்ந்து தூளாகிக் காற்றில் பறந்தது. யாரோ பூ தூவுகிறார்கள் என்று நினைத்துக் கை தட்டினார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்.

ஓணான் பதறிப் பாறையை நோக்கி ஓடியது. "மரியாதை பண்றப்ப இப்படி ஓடலாமா?" என்று அதைப் பிடித்து நிறுத்தி, ஒரு சாண் உடம்பின் மேல் நாலு முழக் கம்பளிச் சால்வையைப் போர்த்தினார்கள். அதற்குள் சிக்கித் தவித்து அது வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான்கு முட்டைகளும் வற்றிச் சுருங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. அதற்கு அழக்கூட வரவில்லை.

"இப்பப் பேசுங்கம்மா" என்று புகை மைக்கை நீட்டியது.

ஓணான் வாயே திறக்கவில்லை. "என்ன ஒரு அடக்கம்!" என்று கூட்டம் உருகியது.

புகை மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. "இது இத்தோட முடியாது. அடுத்த வருஷமும் இவங்களுக்கு இதே இடத்துல, இதைவிடப் பெருசா விழா எடுப்போம்!"

ஓணான் மெல்லத் தலையைத் தூக்கியது. "அடுத்த வருஷம் எனக்கு என்ன விழா?"

"படத்திறப்பு விழாம்மா" என்றது புகை.