செங்கமலம் மடியை அவிழ்த்தாள்

செங்கமலத்தின் அரைக்காணியோடு சேர்த்து ஊர்ப் பருத்தி மொத்தத்தையும் புழு தின்றுவிட்டது. மரபணு மாற்றிய விதையை விற்ற கம்பெனி அதிகாரி, ஊரையே தன் மாதிரி வயலுக்கு வரவழைத்தார்.

"எங்க விதையில புழுவே விழாது. நீங்க வளர்த்த லட்சணம் அப்படி! இங்க ஒரே ஒரு புழுவைக் காட்டுங்க, ஊருக்கே நஷ்டஈடு தர்றேன்."

அங்கே கூலிக்கு வந்திருந்த செங்கமலம் மடியை அவிழ்த்தாள். சொத்தைக் காய்கள் பொலபொலவென்று கொட்டின. புழுக்கள் நெளிந்தன.

"இதுல எந்தப் புழுவைக் காட்டட்டும், சார்? நீங்க வர்றதுக்குள்ள எல்லாத்தையும் பொறுக்கச் சொன்னாங்க உங்க ஆளுங்க. பாதிதான் ஆச்சு."

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

"பொறுக்கினதெல்லாம் கணக்குல சேராது" என்று சொல்லி அதிகாரி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

சிரிப்பு அடங்கியது. அவரவர் வயலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.