மதினி பக்கத்துச் சுவர்

கதை சொல்கிறவன் கதைக்கு வெளியே நிற்க வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இந்தக் கதையில் மூன்று பேர். அதில் ஒருவன் நான், பலசரக்குக் கடை திரவியம். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் சங்கரன்கோவிலில் வீடு கட்டினேன். ஓரடி மண்ணை விடவும் மனசில்லாமல், கிழக்குப் பக்கச் சுவரை எல்லைக் கோட்டின் மேலேயே எழுப்பினேன். அப்படிக் கட்டினால், அதற்கு வெளிப்பூச்சுப் பூச அடுத்த வீட்டு முற்றத்தில்தான் சாரம் கட்ட வேண்டும். அடுத்த வீட்டு ஆதிமூலம் அண்ணாச்சி அவராகவே வந்தார். "ஆளும் சாமானும் இருக்கும்போதே எங்க பக்கமும் பூசிருங்க தம்பி. எங்க முத்தத்துல நின்னுக்கிடுங்க" என்றார். தெருப்பக்கம் தூணுக்குத் தூண் பூவேலை செய்திருந்த மிதப்பு எனக்கு. "அந்தப் பக்கம் எவன் அண்ணாச்சி பாக்கப் போறான்?" என்றேன். அவரும் அவர் வீட்டாரும்தான் பார்த்தார்கள், தினம் தினம், அந்த வெறுஞ்செங்கல்லை.

போன மழையில் தண்ணீர் அந்தச் சுவர் வழியாக உள்ளே இறங்கிவிட்டது. தொட்டால் கை ஈரமாகும். அந்தச் சுவரை ஒட்டிய அறைக்குத்தான் என் மகள் உலகம்மாள் பிரசவத்துக்கு வர வேண்டும். அவளுக்கு ஒன்பதாம் மாதம். ஊறிப்போன சுவரடியில் பச்சைப்பிள்ளையைப் போட முடியுமா? ஐப்பசி பிறந்துவிட்டது. அடைமழை பிடிப்பதற்குள் பூசியாக வேண்டும்.

அண்ணாச்சி காலமாகி நாலு வருஷம். அவர் மனைவி கோமதி மதினியிடம் போய்க் கேட்க எனக்கு ஏது முகம்? கொத்தனார் மாசானத்தை அனுப்பினேன். மதினி ஒரு குத்தல் பேச்சுப் பேசவில்லை. "வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கனியப் பொண்ணு பாக்க வாராங்க. அதுக்குள்ள சாரத்தை அவுத்துரணும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கனி அவருடைய ஒரே மகள். மாசானம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

செவ்வாய்க்கிழமை வேலை தொடங்கியது. வியாழன் சாயங்காலம், உச்சியில் கடைசி நாலடியைப் பூசி முடித்த கையோடு ஒரு மழை அடித்தது பாருங்கள்! ஈரக் கலவை அத்தனையும் வழித்துக்கொண்டு கீழே வந்துவிட்டது.

"சாரத்தை அவுக்காத. நாளைக்கு அந்த நாலடியையும் பூசிரு" என்றேன்.

"வாக்குக் கொடுத்திருக்கேன் அண்ணாச்சி. வீட்டுக்காரர் நீங்க போயி ஒரு வார்த்தை கேளுங்க. அவங்க சரின்னுட்டா நான் ஏன் அவுக்கேன்?"

"பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் மாசானம் சாரத்தை அவிழ்த்து, முற்றத்தைக் கூட்டி, கம்புகளை வண்டியில் ஏற்றிவிட்டான். சன்னல் வழியாகப் பார்த்து, "விளங்காத பய" என்று பல்லைக் கடித்தேன். மதினி கோலம் போட வந்தவர் அண்ணாந்து பார்த்தார். உச்சியில் நாலடி வெறுஞ்செங்கல். மறுநாளிலிருந்து அடைமழை என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள்.

"இத இப்படியே விட்டா?" என்று கேட்டார்.

"தண்ணி உள்ளதான் இறங்கும்க்கா. இனி தை மாசம்தான் பூச முடியும்" என்றான் மாசானம்.

"அப்ப திரும்பக் கட்டு."

"கட்டவே மத்தியானம் ஆயிரும். பத்து மணிக்கு ஆளு வாராங்கல்லா?"

"பிள்ளைத்தாச்சி படுக்கிற ரூமுய்யா. கட்டுன்னா கட்டு."

மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். மத்தியானத்துக்குள் சாரம் ஏறியது, சாயங்காலத்துக்குள் பூச்சு முடிந்தது, மேலே தார்ப்பாயும் கட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரவில்லை. நல்ல காரியம் ஆரம்பத்திலேயே தடைபட்டது சகுனம் சரியில்லை என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று வருஷமாகத் தேடி அமைந்த இடமாம். என் மனைவி பேச்சியம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாரம் நிற்கட்டும் என்று மகளுக்காகப் பிடிவாதம் பிடித்தவன் நான். சொன்ன சொல்லுக்காக அவிழ்த்தவன் மாசானம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகத் தன் பிள்ளையின் காரியத்தைத் தள்ளிப் போட்டவர் மதினி. இந்த மூவரில் யார் செய்தது சரி? கனியின் வரன் யாரால் கைவிட்டுப் போனது?

தெருவில் பாதிப்பேர் மாசானத்தை முரட்டுப் பயல் என்கிறார்கள், மீதிப்பேர் மதினிக்குக் கிறுக்கா என்கிறார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது. வெள்ளிக்கிழமையில் விடையைத் தேடாதீர்கள். அது வியாழன் சாயங்காலத்தில் இருக்கிறது. "சாரம் நிக்கட்டுமான்னு முந்தின நாளே கேட்டிருந்தா என்னக்கா சொல்லியிருப்பீங்க?" என்று பேச்சி மதினியிடம் கேட்டிருக்கிறாள். "சாரம் நின்னா நின்னுட்டுப் போகுது. வந்தவங்க காப்பி குடிச்சிட்டுப் போன பொறவு பூசியிருக்கலாம்லா? ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலையே" என்றாராம். மாசானம் செய்ததும் சரி, மதினி செய்ததும் சரி. பத்தடி நடந்து போய்க் கேட்க வெட்கப்பட்டேனே, அதற்குத்தான் இன்னொருத்தர் பிள்ளை விலை கொடுத்தது. உலகம்மாளுக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறான். அறை சொட்டு ஈரமில்லாமல் இருக்கிறது. நேற்றுக் கனி குழந்தையைப் பார்க்க வந்தாள். அவள் குரல் கேட்டதும் நான் புறவாசல் வழியாகக் கடைக்குப் போய்விட்டேன்.