குழந்தைக் காப்பு

"கழத்திராத ஏட்டி. கட்டுன காப்பை நடுவுல கழத்துனா பிள்ளைக்கு ஆகாது."

குழாயடியில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொன்னது ஆவுடையப்பனின் காதில் விழுந்தது. அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவருக்கு அன்று காலை முழுவதும் இனித்தது. அவர்கள் சொன்ன காப்பு அவர் செய்வித்தது.

மலையடிவாரத்து மடத்துக்கு அவர் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன், வேலை பார்த்த காலமெல்லாம் பொருட்களுக்கு அடையாளம் ஒட்டியவர். துறைமுகத்தில் இரும்புப் பெட்டிகள், பால்பண்ணையில் மாட்டின் காது, ஆஸ்பத்திரியில் அப்போதுதான் பிறந்த குழந்தையின் கணுக்கால், நூலகத்தில் புத்தகத்தின் பின்னட்டை, சுங்கச்சாவடியில் காரின் கண்ணாடி. கருவி கேட்கும், பொருள் தானாகவே பதில் சொல்லும். நான் இன்னது, இங்கிருந்து வருகிறேன், இன்னாருக்குப் போகிறேன். நடுவில் மனிதர் யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை.

மடத்துக்கு வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. சமையலறை அண்டாக்களுக்கெல்லாம் கறுப்புக் கோடு போட்ட சீட்டு ஒட்டினார். விளக்குமாறுகளுக்கும் ஒட்டினார். பெருக்குகிற பெண்கள் அதை விளக்குமாற்றின் ஆதார் அட்டை என்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் சீட்டைப் பிய்க்க விடவில்லை.

மடத்தின் குரு சங்கரவடிவு அம்மா. ஆவுடையப்பனின் மகள் வயதுதான் இருக்கும். அவர் ஆவுடையப்பனை அண்ணாச்சி என்பார். ஆவுடையப்பன் அவரை அம்மா என்பார். முதலில் நாக்கு கொஞ்சம் கூசியது. பிறகு பழகிவிட்டது.

வந்த அன்றே அவர் கேட்டார்.

"அம்மா, ஒருத்தரை அடையாளம் கண்டுக்கிறதுன்னா என்ன?"

"சாப்பிட்டாச்சா அண்ணாச்சி? பந்தி எடுக்கப் போறாங்க."

பிறகு கேட்டபோதெல்லாம் அம்மா ஏதாவது ஒரு வேலை சொன்னார். கிணற்று மோட்டாரைப் பாருங்க. அரிசி மூட்டை வந்திருக்கு, இறக்கி வையுங்க. ஆவுடையப்பன் வேலையைச் செய்தார். கேள்வி அப்படியே இருந்தது.

மடத்தை ஒட்டி ஒரு அம்மன் கோயில். வருடந்தோறும் கொடைத் திருவிழா நடக்கும். சுற்று வட்டாரத்திலிருந்தும் தூரத்து ஊர்களிலிருந்தும் வேன் வேனாக ஜனம் வரும். காணாமல் போகும் குழந்தைகளைச் சேர்த்து வைக்கிற பொறுப்பு மடத்துடையது. போன வருடக் கொடையில் ஒரு பெண் குழந்தை மதியம் தொலைந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் கிடைத்தது. அதுவரை அந்தத் தாய் போட்ட சத்தத்தை ஆவுடையப்பனால் மறக்க முடியவில்லை. இந்த வருடம் அப்படி ஒரு சத்தம் கேட்கக் கூடாது என்று வேலையில் இறங்கினார்.

குழந்தையின் மணிக்கட்டில் கட்டுகிற மெல்லிய பட்டை. உள்ளே அரிசிமணி அளவுக்கு ஒரு சில்லு. கொடைத் திடலின் வாசல்களிலும் அம்மன் கோயில் வேப்பமரத்தடியிலும் படிக்கும் கருவிகள். பட்டை கட்டிய குழந்தை எந்த வாசலைக் கடந்தாலும் மடத்துத் திரையில் தெரிந்துவிடும்.

முதல் பட்டையை அம்மாவிடம் காட்டினார். அம்மா அதை விரலில் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்குள்ள பேட்டரி எங்க இருக்கு அண்ணாச்சி?"

"கிடையாதும்மா. இது சும்மா தூங்கிட்டு இருக்கும். கருவி ஒரு அலை அனுப்பும். அந்த அலை வந்து தொட்டாத்தான் முழிக்கும். அதுல இருக்கிற சக்தியை வச்சே பதில் சொல்லும்."

"அப்போ பதில் சொல்லுற தெம்பு யாரோடது?"

"கேக்கிறவரோடதும்மா."

அம்மா பட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா இருக்கு," என்றார்.

முன்னோட்டமாக ஒரு பௌர்ணமிக்கு வந்த குழந்தைகளுக்குக் கட்டப் பார்த்தார்கள். பெற்றோர் சம்மதிக்கவில்லை. எங்க பிள்ளை என்ன சந்தைக்கு வந்த மாடா என்று ஒருவர் கேட்டார். ஆவுடையப்பன் இரண்டு நாள் யோசித்தார். பிறகு அதற்குக் குழந்தைக் காப்பு என்று பெயர் வைத்தார். பட்டையின் நிறத்தையும் மஞ்சளாக மாற்றினார். பெயரைக் கேட்டதும் ஜனம் கையை நீட்டியது.

அம்மாவிடம் போய்ச் சொன்னார். ஆவுடையப்பனின் முகத்தில் வெற்றி தெரிந்தது.

"பேரு வச்சிட்டீங்க," என்றார் அம்மா. "இனிமே அது பேரு சொன்னபடிதான் கேக்கும் அண்ணாச்சி. நீங்க சொன்னபடி கேக்காது."

ஆவுடையப்பன் அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

கொடை அன்று காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தொலைந்த குழந்தைகள் சிலரைத் திரையைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். தாய்மார் அழ ஆரம்பிக்கும் முன்பே பிள்ளை கைக்கு வந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு தொண்டர் வாக்கி டாக்கியோடு இருந்தார். யாருடைய பெயரையும் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்று ஆவுடையப்பன் அவர்களை வாசல் எண்ணாலேயே அழைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

ஏழாம் வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தவர் ஒரு அம்மாள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவர் குரல் வரும்.

"ஏழு பேசுறேன். காலையிலேருந்து டீ வரலை. ஏழு ஏழரை ஆகுறதுக்குள்ள அனுப்பிருங்க. அப்புறம் உங்களைத்தான் பிடிக்கும்."

மற்ற வாசல்கள் சிரிக்கும். அனுப்புகிறேன் என்பார் ஆவுடையப்பன். பிறகு திரையைப் பார்ப்பதில் மறந்துவிடுவார்.

சாயங்காலம் திரையில் ஒரு புதுமை. வேப்பமரத்தடியில் பச்சைப் புள்ளிகள் கூடிக்கொண்டே போயின. அங்கே பொம்மலாட்டம் ஏதாவது நடக்கிறது போல என்று அவர் நினைத்தார். குழந்தைகள் ஒரே இடத்தில் இருப்பது நல்லதுதான் என்றும் நினைத்தார்.

அப்போதுதான் ஒரு இளம்பெண் மடத்துக்குள் ஓடி வந்தாள். பெயர் பேச்சிசெல்வி. கோவில்பட்டிப் பக்கம். மகனைக் காணோம் என்றாள். நாலு வயது. வேனில் ஏறுகிற நேரத்தில் கையை விட்டுவிட்டான். அவளுக்கு மூச்சு வாங்கியது.

ஆவுடையப்பன் அவளை உட்காரச் சொன்னார். பெயரைக் கேட்டுத் தட்டினார். தர்ஷன் ஆதவ். உடனே விடை வந்தது.

"வேப்பமரத்தடியில இருக்கான். பயப்படாதீங்க."

"இல்ல சார். அங்க இல்ல."

"இருக்கான்மா. இதோ காட்டுது."

"அது காப்பு சார். நான்தான் கழத்தி மரத்துல கட்டினேன்."

ஆவுடையப்பனுக்கு விளங்கவில்லை. அவள் அழுதுகொண்டே சொன்னாள். காப்புக் கட்டினவர்கள் கொடை முடியாமல் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வெளியூர்க்காரர்கள் என்ன செய்வது என்று பூசாரியிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். காப்பை அவிழ்த்து அம்மன் மரத்தில் கட்டிவிட்டுப் போங்கள், குற்றமில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். வேன் கிளம்புகிற குடும்பமெல்லாம் அப்படித்தான் செய்தது. இவளும் செய்தாள்.

ஆவுடையப்பன் மரத்தடிக்கு ஓடினார். தாழ்ந்த கிளைகள் முழுக்க மஞ்சள் பட்டைகள். கீழே ஒரு நாய் படுத்திருந்தது. குழந்தை ஒன்றுகூட இல்லை.

திரும்பி வந்தபோது ஒலிபெருக்கியில் பெயர் போய்க்கொண்டிருந்தது. தர்ஷன் ஆதவ் எங்கிருந்தாலும் உடனே மடத்துக்கு வரவும். தர்ஷன் ஆதவ். ஒலிபெருக்கிக்காரருக்குக் கட்டையான குரல். திடல் முழுக்க அது முழங்கியது. தொண்டர்கள் கடை கடையாகப் பார்த்தார்கள். மலைக்குப் போகிற பாதையில் இரண்டு பேர் போனார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு பழைய கல்குவாரி, தண்ணீர் நிறைந்து கிடந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் ஆவுடையப்பன் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் சத்தமா கூப்பிடச் சொல்லுங்க," என்றார் ஒலிபெருக்கிக்காரரிடம்.

ஒலி கூடியது. தர்ஷன் ஆதவ். தர்ஷன் ஆதவ்.

சங்கரவடிவு அம்மா பந்தியிலிருந்து வந்தார். கையில் சாம்பார் வாளி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு பேச்சிசெல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிள்ளையை வீட்டுல இப்படித்தான் கூப்பிடுவியா தாயி?"

பேச்சிசெல்வி இல்லை என்று தலையாட்டினாள்.

"முழுப்பேரை எப்ப சொல்லுவ?"

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"சேட்டை பண்ணும்போதும்மா. அடிக்கக் கம்பு எடுக்கும்போது."

"அப்ப அவன் என்ன செய்வான்?"

"கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவான்."

சொல்லி முடித்ததும் அவளே நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தாள். ஆவுடையப்பனும் பார்த்தார். தர்ஷன் ஆதவ், உடனே வரவும் என்றது அது.

அம்மா கையைக் காட்டினார். குரல் நின்றது. கோயில் பக்கம் ஆள் அனுப்பி மேளத்தையும் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். திடல் என்னவோ ஏதோ என்று அமைதியானது.

"செல்லமா கூப்பிடுற பேரைச் சொல்லிக் கூப்பிடு," என்று மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

"இத்தனை பேரு முன்னாடியா? சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும்."

பேச்சிசெல்வி மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது.

"சுண்டலு."

திடலில் எங்கோ சிரிப்புக் கிளம்பியது. சுண்டல் விற்கிறவர் ஒருவர் என்னம்மா என்று கேட்டார். அது இன்னும் சிரிப்பானது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சுண்டலு, அம்மாதான்டா. அம்மா அடிக்க மாட்டேன். கம்பெல்லாம் தூரப் போட்டாச்சு. வாடா தங்கம்."

எல்லோரும் காத்திருந்தார்கள். ஆவுடையப்பனின் கையில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"ஏழு பேசுறேன். என் பெஞ்சுக்கு அடியில சாக்குக்குப் பின்னாலேருந்து ஒரு சுண்டல் வெளியே வருது. அழுக்காத்தான் இருக்கு. ஆனா முழுசா இருக்கு."

பேச்சிசெல்வி மைக்கைப் போட்டுவிட்டு ஓடினாள். அது விழுந்த சத்தம் திடலெங்கும் கேட்டது. கோயிலில் மேளம் மறுபடி ஆரம்பித்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கும்பிட்டாள். பையன் ஒரு கையில் யாரோ கொடுத்த சுண்டல் பொட்டலத்தைப் பிடித்திருந்தான். அம்மா அவன் கன்னத்தைத் தொட்டார். அவன் பொட்டலத்தை மறைத்துக்கொண்டான். வேன் கிளம்பிப் போயிற்று.

ஆவுடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா சாம்பார் வாளியை எடுத்தார்.

"அம்மா."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"ஏழாம் வாசல்ல நம்ம கருவி இருக்கு. அதுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கான். சரியான பேரைத்தான் கூப்பிட்டோம். எழுத்துப் பிழைகூட இல்ல. அந்தப் பேரு அவனுக்குத் தெரியும். ஏன் பதில் சொல்லல?"

அம்மா வாளிக்குள் கரண்டியை விட்டு ஒருமுறை கலக்கினார்.

"பதில் சொல்லுற தெம்பு யாரோடதுன்னு அன்னைக்கு நீங்கதான அண்ணாச்சி சொன்னீங்க," என்றார். பந்திக்குப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் அங்கேயே இருந்தார். திரையில் வேப்பமரத்தடிப் புள்ளிகள் பச்சையாக மின்னின.

வாக்கி டாக்கி மறுபடி கரகரத்தது. "ஏழு பேசுறேன். ஒரு சுண்டலை மீட்டுக் கொடுத்தவளுக்கு இன்னும் டீ வரலை."

அவர் அதை எடுத்து வாயருகே கொண்டுபோனார். ஏழு என்று தொடங்கப் போனார். சொல்லவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரில் டீயை வாங்கிக்கொண்டார். அங்கே அண்டா கழுவிக்கொண்டிருந்த பெண்ணிடம், ஏழாம் வாசலில் இருக்கிற அந்த அம்மாளின் பெயர் என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். ஆவுடையப்பன் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, டீ சிந்தாமல் திடலைக் கடந்து நடந்தார்.