செங்காயியின் இரண்டு கணக்கு

அந்தக் காலத்தில், எறும்புக்கும் வாய்நிறையப் பேச்சு இருந்தபோது, காட்டை ஒரு யானை ஆண்டுவந்தது. ஒவ்வொரு புற்றும் தான் சேர்த்த நெல்லில் ஆறில் ஒரு பங்கை ராஜாவுக்கு வரியாகக் கட்ட வேண்டும். வசூலிக்க ராஜா யாரை அனுப்பினார் தெரியுமா? எறும்புதின்னியை! பொய்க் கணக்கு காட்டும் புற்றை அங்கேயே தின்றுகொள்ளலாம் என்று அதற்கு உத்தரவு வேறு. நல்ல நியாயம் போங்கள்!

வேலமரத்தடிப் புற்றில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் செங்காயி. நனைந்து முளைவிட்ட நெல் தின்ன உதவாது. வீட்டுக் கணக்கில் அதை அன்றைக்கே கழித்துவிட வேண்டும். ராஜாவின் சட்டமோ, புற்றுக்கு வெளியே தள்ளும்வரை அதுவும் நெல்தான் என்றது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள் என்று பயந்தாள் செங்காயி. பாதிப் பேருக்கு வீட்டுக் கணக்கு, மீதிப் பேருக்கு ராஜா கணக்கு என்று தனித்தனியாகப் பிரித்துக் கற்றுக்கொடுத்தாள். அங்கேதான் சறுக்கினாள்.

ஐப்பசி அடைமழைக்கு நடுவே எறும்புதின்னி வந்தது. வழியில் தவிட்டான் என்ற மாணவனை நிறுத்தியது.

"புற்றில் எத்தனை நெல்லடா?"

"நானூறுங்க."

பின்னால் வந்த இன்னொரு மாணவி மருதாயி, "அறுநூறுங்க" என்றாள்.

"ஓகோ! ஒரே புற்றுக்கு இரண்டு கணக்கா?" எறும்புதின்னியின் நாக்கு ஒரு முழம் நீண்டது.

அது செங்காயியின் காதில் விழுந்தது. உள்ளே அத்தனை முட்டைகள், அத்தனை உயிர்கள்! விழுந்தடித்து ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"ஐயா, நாக்கை உள்ளே போடுங்கள். இரண்டும் மெய்க் கணக்குதான். தப்பு என்னுடையது. கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன், நடுவில் இருக்கும் வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை." மாணவர்கள் பக்கம் திரும்பினாள். "இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நில்லுங்கள். இருநூறு ஏன் இடிக்கிறது? பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்."

தவிட்டான் திருதிருவென்று விழித்தான். "நனைந்த இருநூறை நான் கழித்துவிட்டேனே."

"அதை இன்னும் வெளியே தள்ளவில்லையே, அதனால் நான் கழிக்கவில்லை" என்றாள் மருதாயி.

எறும்புதின்னி மூக்கை நுழைத்து ஒவ்வொன்றாக எண்ணியது. நனைந்தது சரியாக இருநூறு. விடுவதாக இல்லை அது. "அப்படியென்றால் நானூறுக்கே வரி கட்டிவிடேன்" என்று ஆழம் பார்த்தது.

"அதெப்படி?" என்றாள் செங்காயி. "ராஜாவுக்கு ராஜா சட்டப்படி அறுநூறுக்கு நூறு, இந்தாருங்கள். மழை விட்டதும் நனைந்ததைத் தள்ளுவோம், அப்போது இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடும். அதுவரை அறுநூறு இருக்கிறதென்று உங்கள் கணக்கை நம்பி நாங்கள் கையைக் கட்டி உட்கார்ந்தால், மார்கழியில் எங்கள் குஞ்சுகள் எதைத் தின்னும்?"

எறும்புதின்னி நூறு நெல்லை மூட்டை கட்டிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி நடையைக் கட்டியது. செங்காயிக்கு மனசு குளிர்ந்துபோனது. மத்தியானமே பிள்ளைகளை ஜோடி ஜோடியாக நிறுத்திப் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அன்று முதல்தான், எதிரெதிரே வரும் இரண்டு எறும்புகள், தலைபோகிற அவசரமானாலும் ஒரு நொடி நின்று, முகத்தோடு முகம் வைத்துப் பேசிவிட்டே நகர்கின்றன.