தணிப்பான்

சற்குணம் முப்பத்து மூன்று வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். பழைய ஆங்கிலச் சொற்கள் என்றால் அவருக்கு உயிர். ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டால் அதன் பாட்டன் முப்பாட்டன் வரை சொல்லுவார். கேட்டவர் பஸ்ஸைத் தவறவிடுவார்.

அவருக்குக் குருவாக வாய்த்தவர் தெய்வானை. வயதில் பதினெட்டு வருஷம் இளையவர். ஐ.டி.ஐ. முடித்து பிட்டராக இருந்து, இப்போது இயந்திரப் புத்தகங்களைத் தமிழில் எழுதித் தருபவர்.

தொழில்நுட்பத் தமிழ் கற்க வேண்டும் என்று சற்குணம்தான் அவரைத் தேடிப் போனார். முதல் வேலையாக ஒரு சாயப்பட்டறையின் பாய்லர் புத்தகத்தைத் தமிழாக்கும்படி தெய்வானை அவரிடம் கொடுத்தார்.

அது அவசரமான வேலை. போன மாதம் அந்தப் பாய்லரின் அடுப்புக் கதவைக் காலையில் திறந்த ஒருவர், முகமும் கைகளும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூடிக் கிடந்த நெருப்பு, கதவு திறந்ததும் வெளியே பாய்ந்துவிட்டது. அப்படி ஆகாமல் இருக்க முதலில் என்ன செய்ய வேண்டும் என்று சுவரில் தொங்கிய ஆங்கிலப் புத்தகத்தில் எழுபது வருஷமாக எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத்தான் அங்கே ஆள் இல்லை.

சற்குணம் நாலு அகராதிகளை விரித்துவைத்து மூன்று வாரத்தில் முடித்தார். ஓர் ஆங்கிலச் சொல்கூட மிச்சமில்லை. அவருக்கே பெருமையாக இருந்தது.

பட்டறைக்குப் போகும் வழியில் கேட்டார்.

"அம்மா, ஒரு சொல்லுக்கு அர்த்தம் கிடைச்சிடுச்சுன்னு எப்போ சொல்லலாம்?"

"போய்ப் பாக்கலாம் சார்" என்றார் தெய்வானை.

பாய்லர் அறையில், வெந்தவருக்குப் பதிலாக வந்த புது ஆள் செங்கோடன் காத்திருந்தார். கையில் சற்குணம் எழுதிய தமிழ்த் தாள். வெளியே இருபது பேர் நூலை நனைத்துவைத்துக்கொண்டு நீராவிக்காக நின்றார்கள். முதலாளி வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். அடுப்புக்குள் நேற்றைய நெருப்பு சாம்பல் போர்த்திக் கிடந்தது. மூடிய இரும்புக் கதவுக்கு ஐந்தடி தள்ளி நின்றாலே கன்னம் சுட்டது.

செங்கோடன் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கதவைத் திறக்குமுன் தணிப்பானை முழுவதும் திறக்கவும்."

தாளைப் பார்த்தார். பாய்லரைப் பார்த்தார்.

"தணிப்பான் எதுங்க சார்?"

"நல்ல கேள்வி" என்றார் சற்குணம். "மூலச் சொல்லுக்குப் பழைய காலத்துல ஆவி, மூட்டம்னு அர்த்தம். பிறகு, ஒன்றை அடக்குவது, தணிப்பதுன்னு வந்தது."

"சரிங்க சார். அது எங்கிருக்குதுங்க?"

சற்குணம் நிமிர்ந்தார். சக்கரங்கள், குழாய்கள், கைப்பிடிகள். மேலே எங்கிருந்தோ ஒரு சங்கிலி தொங்கியது. நாலு அகராதியிலும் இதில் ஒன்றுக்கும் படம் போடவில்லை.

முதலாளி தொண்டையைச் செருமினார்.

"அந்தச் சிவப்புச் சக்கரம்" என்று சற்குணம் விரலை நீட்டினார். முப்பத்து மூன்று வருஷம் வகுப்பில் பேசிய குரல். அதில் சந்தேகத்தின் சாயலே இல்லை.

பேராசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று செங்கோடன் நினைத்தார், பாவம். சக்கரத்தில் கை வைத்தார். மறு கையால் கதவைத் திறக்கும் கொக்கியை எடுத்தார்.

"நில்லுங்க செங்கோடா" என்றார் தெய்வானை. "கொக்கியைச் சார்கிட்டக் குடுங்க."

செங்கோடன் விழித்தார்.

"எங்க வழக்கம் இது. தமிழ்ல எழுதினவங்கதான் முதல் தடவை செஞ்சு காட்டணும். நான் எழுதின எல்லாத்துக்கும் நான்தான் நின்னேன். சார், சக்கரத்தைத் திருப்பிட்டு கதவுக்கு நேரா வந்து நில்லுங்க."

சற்குணம் கொக்கியை வாங்கினார். அது அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கதவுக்கு முன்னால் போனார். மூக்குக் கண்ணாடியின் விளிம்பு சூடேறி மூக்கைச் சுட்டது. கதவின் இடுக்கில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. உள்ளே ஏதோ உறுமிற்று.

ஆஸ்பத்திரியில் கிடக்கும் அந்த ஆளை அவர் ஒரு முறை போய்ப் பார்த்திருந்தார். கண் இமைகளில் முடி இல்லை.

"நேரமாகுதுங்க" என்றார் முதலாளி.

தெய்வானையின் பார்வை சற்குணத்தின் கையில் இருந்தது.

சற்குணம் கொக்கியை உயர்த்தினார். பிறகு இறக்கினார்.

"எனக்குத் தெரியாது" என்றார். "அது எதுன்னு எனக்குத் தெரியாது. சும்மா காட்டினேன்."

செங்கோடன் சிவப்புச் சக்கரத்திலிருந்து மெதுவாகக் கையை எடுத்தார்.

"இங்கிலீசுல என்னங்க சார் போட்டிருக்குது?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டேம்பர்."

"டேம்பருங்களா? அப்படியே எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமுங்க. புகைக்கூண்டுக்குப் போற வழியில இருக்கற தகடு. ராத்திரி மூடுவோம். காலையில கதவுக்கு முன்னாடி அதைத் திறக்கோணும்னுதான் யாரும் சொல்லலீங்க."

அவர் தொங்கிய சங்கிலியைப் பிடித்துக் கீழே இழுத்தார். மேலே எங்கோ இரும்பு உரசியது. உறுமல் புகைக்கூண்டுப் பக்கமாகத் திரும்பி ஏறியது. சிறிது நேரம் பொறுத்து, "இப்பத் திறக்கலாமுங்க சார்" என்றார்.

சற்குணம் ஒதுங்கி நிற்கவில்லை. கொக்கியை மாட்டிக் கதவை அவரே திறந்தார். நெருப்பு உள்ளேயே இருந்தது.

வெளியே வந்ததும் அவர் குழாயடியில் முகம் கழுவினார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. தாளை விரித்து, 'தணிப்பான்' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'டேம்பர்' என்று எழுதினார்.

"இப்போ அர்த்தம் கிடைச்சிடுச்சு, இல்லையாம்மா?" என்றார்.

தெய்வானை அவர் முதுகில் ஒட்டிய சட்டையைப் பார்த்தார்.

"கதவுக்கு முன்னால நின்னப்ப பயமா இருந்துச்சுங்களா சார்?"

"இருந்துச்சு. ரொம்ப."

"செங்கோடன் கொக்கியோட நின்னப்ப?"

சற்குணம் தாளை மடித்துக்கொண்டு செங்கோடனைத் தேடி உள்ளே போனார்.