தண்ணீரில் சோடியம்

“சாமி, கொடுத்துட்டேன். ஆனா நிம்மதி வரல” என்றாள் செண்பகவல்லி.

தம்பி இளங்குமரனுக்குச் சிறுநீரகம் கொடுத்தவள் அவள். அறுத்த இடம் ஆறிவிட்டது. மனசுதான் அடங்கவில்லை.

“இப்போ என்ன?” என்றார் மடத்துச் சாமி.

“ஊறுகாய் திங்கான். கருவாடு திங்கான். உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியும் கேக்க மாட்டேங்கான். நேத்து, ‘என் கிட்னிய வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணுதியே’ன்னு கேட்டுட்டேன். அதுலருந்து என் போனையே எடுக்கல.”

சொல்லும்போதே எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

சாமி துறவியாவதற்கு முன் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். வீட்டை விட்டார், பெயரை விட்டார். ரசாயனப் பாட்டில்களை மட்டும் விட முடியாமல் மடத்துப் பின்கட்டில் அடுக்கி வைத்திருந்தார். குருவை யார் கேட்பது?

மண்ணெண்ணெய்க்குள் கிடந்த சோடியத்தில் மிளகளவு வெட்டித் தண்ணீர்த் தொட்டியில் போட்டார்.

அது சீறிக்கொண்டு அங்குமிங்கும் ஓடியது. டப்பென்று வெடித்தது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“ஏன் சாமி இந்தப் பாடு படுது?”

“அதோட கடைசி வட்டத்துல ஒரே ஒரு எலக்ட்ரான். அதை யார்கிட்டயாவது கொடுக்கணும். அதுவரைக்கும் இருப்புக் கொள்ளாது.”

“கொடுத்துட்டா?”

சாமி அடுப்படியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துவந்து தம்ளர் தண்ணீரில் கலக்கினார்.

“இதுக்குள்ளயும் சோடியம்தான் இருக்கு. குளோரினுக்குக் கொடுத்துட்டு வந்த சோடியம். இப்போ இதை அயனின்னு சொல்லுவோம்.”

அவள் தம்ளரைக் காதில் வைத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை.

“கொடுத்ததை அந்தக் குளோரின் ஒழுங்கா வச்சிருக்கான்னு இது பாக்காதா சாமி?”

சாமி தம்ளரை மறுபடி காதில் வைக்கச் சொல்லிக் கை காட்டினார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. “சரி, திரும்பக் கேட்டா?”

சாமி தொட்டியைக் காட்டினார். மேலே இன்னும் புகை இருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு மடத்துப் போனைக் கேட்டு வாங்கித் தம்பி நம்பரை அழுத்தினாள். புது நம்பர் என்று அவன் எடுத்துவிட்டான்.

“நான்தான்டா.”

அவன் சலிப்போடு, “சொல்லு. என்ன தின்னேன்னு கேக்கணும், அதானே?” என்றான்.

“இல்லடா,” என்றாள். “அங்க மழை உண்டா?”