நண்டு சொல்லாமல் விட்ட பதில்

அந்தக் காலத்தில், கரையில் நிற்பவர்களோடு கடல் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், நண்டு நேராகத்தான் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. மூக்குக்கு நேரே நடந்தது, மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொன்னது. நண்டுக்கு மூக்கு ஏது என்று கேட்காதீர்கள், கதை நகராது.

அதற்கு ஒரு தொழிலும் இருந்தது. ஆறு கடலில் சேரும் இடத்தில், பாறைகளுக்கு நடுவே தெளிந்த தண்ணீர் தேங்கிய ஒரு குட்டை. அதன் ஓரத்தில் நண்டு முடி வெட்டியது. பெரிய கொடுக்கு மொத்த முடிக்கு, சின்னக் கொடுக்கு காதோரத்துக்கு, மீன் முள் சீப்புக்கு. வந்தவர்கள் குட்டைத் தண்ணீரில் முகம் பார்த்துக்கொள்ள வேண்டியது. கரடி வந்தது, குதிரை வந்தது, மனிதர்களும் வந்தார்கள். கை அவ்வளவு சுத்தம். வாய் மட்டும் கொஞ்சம் அதிகச் சுத்தம்.

நேர்நடையைக் கொடுத்தது கடல்தான். கொடுத்த அன்றே சொல்லிவிட்டது: "கேட்டதுக்கு நேராப் பதில் சொல்லு. அப்படிச் சொல்லுற வரைக்கும் உன் காலு நேராப் போவும். என்னைக்கு நீ நழுவுறியோ, அன்னைக்குக் காலும் நழுவும்." நண்டுக்கு இது ஒரு கட்டுப்பாடாகவே படவில்லை. நழுவ என்ன அவசியம்? இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

ஒருமுறை கழுகு வந்து உட்கார்ந்து, "கழுத்துப் பக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டது. "ஒண்ணும் இல்ல" என்றது நண்டு. எழுந்து போன கழுகு போனதுதான். அதன் பிறகு உயரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கீழே உயிரோடு யாரும் இல்லை என்று உறுதியானால் மட்டும் இறங்கியது. "உள்ளதச் சொன்னேன், அதுக்கு நான் என்ன செய்ய?" என்றது நண்டு. கரையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்தவர் தலையைப் பற்றியதாக இருக்கும்வரை உண்மை எல்லோருக்கும் பிடிக்கும்.

அந்தக் கரையில் கொம்பையா என்று ஒரு வலைக்காரன் இருந்தான். வயது முப்பத்திரண்டு. ஆள் வாட்டசாட்டமானவன், தங்கமான குணம். ஆனால் இருபத்தைந்தில் ஆரம்பித்து அவன் நெற்றி மேலே ஏறிக்கொண்டே போயிற்று. முதலில் இரண்டு ஓரத்திலும் முடி பின்வாங்கியது. நடுவில் ஒரு தீவு மாதிரி கொஞ்சம் நின்றது. பிறகு அதுவும் போயிற்று.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் அவன் பெண் பார்க்கப் போயிருந்தான். வாசலில் அடித்த காற்று தலைப்பாகையைத் தட்டிவிட்டது. உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். ஒன்றே ஒன்றுதான். அந்தச் சம்பந்தம் அதோடு முறிந்தது. அன்றிலிருந்து கொம்பையா தலைப்பாகையோடு தூங்கினான், தலைப்பாகையோடு குளித்தான்.

இப்போது அக்கரை உப்பளத்து மாடத்தியோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் அவனை இரண்டு தரம் பார்த்திருந்தாள், இரண்டு தரமும் தலைப்பாகையோடு. அவள் பேசும்போது நடுவில் நிறுத்தி, யோசித்துவிட்டு மீதியைப் பேசுவாள். அது கொம்பையாவுக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துபோனான். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பெண்ணின் தாய் வந்து, ஊர் பார்க்க, மாப்பிள்ளையின் தலையில் எண்ணெய் வைப்பாள். தலைப்பாகைக்கு மேல் எண்ணெய் வைக்கும் வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது.

அந்த நாள் காலையில் கொம்பையா கட்டுமரத்தைப் பாறையில் கட்டிவிட்டு நண்டிடம் வந்தான்.

"அண்ணாச்சி, ஒரு உவகாரம் செய்யணும்."

"உக்காரும். தலப்பாவ அவுரும்."

அவிழ்த்தான். நண்டின் இரண்டு கண்களும் குச்சியில் உயர்ந்து நெற்றியிலிருந்து உச்சிவரை ஒருதரம் போய்விட்டு வந்தன. வழி நெடுக எதுவும் தட்டுப்படவில்லை.

"சாயங்காலம் மாமியா எண்ணெ வைக்க வாராவ. நாலு பேரு முன்னால. ஏதாவது பண்ணும் அண்ணாச்சி."

"என்ன பண்ண?"

"இருக்குற மாரி பண்ணும்."

நண்டு வேலையை ஆரம்பித்தது. பாறை உச்சியில் ஒரு கடற்காகம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. அதற்கு வேறு சோலி இல்லை.

முதலில் உச்சிக்குப் பின்னால் இருந்த முடியை முன்னால் இழுத்து, கற்றாழைச் சாறு தடவி நெற்றிமேல் படிய வைத்தது நண்டு. பார்க்கக் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. கடற்காற்று அடித்ததும் அத்தனையும் ஒட்டுமொத்தமாக மேலே தூக்கிக்கொண்டது.

"கதவு தொறந்துட்டு" என்றது கடற்காகம்.

அடுத்து, இடது காதோரத்து முடியை வழித்தெடுத்து, மண்டையைச் சுற்றி வலது காதுவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. இது ஒட்டிக்கொண்டது.

"அப்படியே அசையாம இரும்" என்றது நண்டு.

"எம்புட்டு நேரம்?"

"ஆயுசுக்கும்."

"நாளைக்குத் தாலி கெட்டணும்லா அண்ணாச்சி. குனியாம எப்படிக் கெட்டுவேன்?"

அதுவும் சரிதான். மூன்றாவதாக, பாறையில் படர்ந்திருந்த கரும்பாசியைச் சுரண்டி எடுத்து நெற்றிக்கு மேலே அப்பிப் பார்த்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அசல் முடிதான். ஆனால் கடற்காகத்துக்குப் பாசி என்றால் உயிர். ஒரே பாய்ச்சலில் இறங்கிக் கொத்திக்கொண்டு போய்விட்டது. கொம்பையாவுக்கு மண்டையில் ஒரு காயம்தான் மிச்சம்.

நண்டு சீப்பைக் கீழே வைத்தது. "இங்க பாரும். இல்லாததக் கொண்டுவர நம்மகிட்ட வித்தை கெடையாது. இருக்குறதக் கொறச்சா, இல்லாதது அவ்வளவாக் கண்ணுல படாது. ஒட்ட வெட்டவா?"

"இருக்குறதே நாலு மயிரு. அதையும் வெட்டணுமா?"

"நாலும் சேந்து ஊருக்கே விளம்பரம் பண்ணுது. அதான் சொல்லுதேன்."

கொம்பையா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். "சரி, வெட்டும்."

நண்டு வெட்டியது. அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அப்படி ஒரு வெட்டு அது வெட்டியதில்லை. பக்கங்களை ஒட்ட எடுத்தது, மேலே வரவர அரிசி நீளம் விட்டது, முடி எங்கே முடிகிறது, நெற்றி எங்கே தொடங்குகிறது என்று எல்லை தெரியாமல் இழைத்தது. முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

கொம்பையா கண்ணைத் திறக்கவில்லை. குட்டையைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. "நீரு சொல்லும் அண்ணாச்சி. முன்னால எப்படி இருக்கு?"

நண்டு வாயைத் திறந்தது. அப்போதுதான் கட்டுமரம் அதன் கண்ணில் பட்டது. அதில் ஒரு தண்ணீர்ப்பானையும், துணி மூட்டையும், நாலு நாளைக்குக் காணும் அவலும் ஏற்றியிருந்தன.

"அது எதுக்குவே?"

"நீரு நல்லால்லன்னு சொன்னா அப்படியே போயிருவேன். கடலு எங்க கொண்டு தள்ளுனாலும் சரி."

"அந்தப் புள்ள மஞ்ச பூசி உக்காந்திருக்குமேவே."

"அது சிரிச்சிருச்சுன்னா? இன்னொரு தரம் அந்தச் சத்தத்தக் கேக்க என்னால ஆவாது அண்ணாச்சி. செத்துருவேன்." மூடின கண்ணோரம் ஈரமாக இருந்தது. "சொல்லும். முன்னால எப்படி இருக்கு?"

பதில் தயாராக இருந்தது. மூன்றே வார்த்தை: முன்னால ஒண்ணும் இல்ல. ஆயிரம் தலை பார்த்த நண்டுக்கு அன்றுதான் முதல்முறையாக வாய் எழவில்லை. பொய் சொல்ல அதற்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் ஒருவன் கடலோடு போய்விடுவான், ஒருத்தி மஞ்சளோடு காத்துக் கிடப்பாள். பாவமாக இருந்தது. தனக்கு இப்படிப் பாவமாக இருக்கும் என்று அது நினைத்ததே இல்லை.

நண்டு ஓர் அடி பக்கவாட்டில் எடுத்து வைத்தது. இன்னும் ஓர் அடி. காதைச் சுற்றிக்கொண்டு பின்னால் போயிற்று. அங்கே கிடந்த ஒரு முத்துச்சிப்பியை எடுத்து, பளபளக்கும் உள்பக்கம் குட்டையைப் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தது.

"கண்ணத் தொறந்து தண்ணியப் பாரும்."

கொம்பையா பார்த்தான். தண்ணீரில் சிப்பி தெரிந்தது, சிப்பிக்குள் ஒரு பின்னந்தலை தெரிந்தது. முளைப்பாரி மாதிரி நெருக்கமாக, கறுகறுவென்று முடி.

"இது யாரு?"

"நீருதான்."

"இம்புட்டுமா?"

"இம்புட்டும்."

தன் பின்னந்தலையை அதுவரை எந்த மனிதனும் பார்த்ததில்லை. கொம்பையா வெகுநேரம் பார்த்தான். கேட்ட கேள்வி அவனுக்கு மறந்தே போயிற்று. "ம்" என்று ஒரு தலையசைப்பு. எழுந்து, கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போனான். தலைப்பாகையைப் பாறையிலேயே விட்டுவிட்டான்.

நண்டு கொடுக்கைக் கழுவக் கடலை நோக்கி நடந்தது. கால் இடதுபக்கம் போயிற்று. திருத்தி வைத்தது. வலதுபக்கம் போயிற்று.

"கேட்டதுக்கு நேராப் பதில் சொன்னியா?" என்றது கடல்.

"சொல்லல."

"பொய் சொன்னியா?"

"அதுவும் இல்ல."

"அப்பம் முன்னாலயும் வேண்டாம், பின்னாலயும் வேண்டாம். பக்கத்துலயே போ." சொல்லிவிட்டுக் கடல் கொஞ்சம் யோசித்தது. அதுவும் கல் நெஞ்சுக்காரி இல்லை. "ஆனா அவன் கேட்டது இன்னும் அப்படியேதான் நிக்கி. என்னைக்கு அவனுக்குப் பதில் சொல்லுதியோ, அன்னைக்கு உன் காலு நேராவும்."

இருட்டும் நேரத்தில் கடற்காகம் கல்யாண வீட்டுச் சேதியோடு வந்தது. பந்தலில் எல்லோரும் கொம்பையாவின் தலையையே பார்த்தார்களாம். ஒருவன் சிரிக்கக்கூடச் சிரித்தானாம். கொம்பையா திரும்பி உட்கார்ந்து மாமியாருக்கு முதுகைக் காட்டி, "அத்தே, விளைச்சல் இந்தப் பக்கம். இங்கனயிருந்து ஆரம்பிங்க" என்றானாம். மாமியார் ஒரு கணம் எண்ணெய்க் கிண்ணத்தையும் அந்தத் தலையையும் மாறிமாறிப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு மாப்பிள்ள. கால்படி எண்ணெ மிச்சம்" என்றாள். அதற்கு முதலில் சிரித்தது கொம்பையாதானாம்.

"மாடத்தி?" என்று கேட்டது நண்டு.

"தாயோட வந்து, கதவுக்குப் பின்னால நின்னு எட்டிப் பாத்துச்சு. 'இவுக மூஞ்சி...'ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டு. எல்லாரும் பயந்துட்டாவ. பொறவு, 'இன்னைக்குத்தான் முழுசாத் தெரியுது. நல்லாருக்கு'ன்னு சொல்லிச்சு."

நண்டுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே நேரம் காலைப் பார்க்கும்போது வருத்தமாகவும் இருந்தது.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் கொம்பையா ஓடிவந்தான். மாடத்தி கொடுத்தனுப்பிய அதிரசம் கையில் இருந்தது. நடந்ததையெல்லாம் கடற்காகம் அவனிடம் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தது. நண்டு எதிரே பக்கவாட்டில் நடந்து வருவதைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டான். மணலில் குந்தி உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, என்னால உமக்கு இப்படி ஆயிட்டே. இந்தா கேக்கேன். முன்னால எப்படி இருக்கு? இப்பம் சொல்லிரும், காலு நேராயிரும்."

நண்டின் கண்கள் குச்சியில் உயர்ந்தன.

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. கல்யாணமே முடிஞ்சிட்டு. ஊரே பாத்துட்டு, நானே சிரிச்சுட்டேன். சும்மா சொல்லும்."

அவன் மனசாரத்தான் சொன்னான். ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய வலதுகை, அவனுக்கே தெரியாமல், மெல்ல உயர்ந்து நெற்றியை மூடியது.

நண்டு அதைப் பார்த்தது. அந்த மூன்று வார்த்தையும் அதன் வாய்க்குள்ளேயே இருந்தன. துப்பிவிட்டால் போதும், கால் திரும்பக் கிடைத்துவிடும்.

"மாடத்திய ரொம்பக் கேட்டதாச் சொல்லும்" என்றது நண்டு. கண் இரண்டையும் மடக்கிக்கொண்டு, பக்கவாட்டிலேயே நகர்ந்து, மணலில் இருந்த வளைக்குள் இறங்கிவிட்டது. கொம்பையா வளையின் வாயில் குனிந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு அதிரசத்தை அங்கேயே வைத்துவிட்டு, முத்துச்சிப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அதன் பிறகு நண்டு யாருக்கும் வெட்டவில்லை. முடி வெட்டும் வேலை அப்படித்தான் மனிதர் கைக்கு வந்தது. இன்றைக்கும் எந்த சலூனிலும் வெட்டி முடித்ததும் கழுத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டுகிறார்கள். முன்பக்கத்தைப் பற்றி வெட்டியவரும் வாய் திறப்பதில்லை, உட்கார்ந்திருப்பவரும் "ம்" என்று ஒரு தலையசைப்போடு சரி.

அன்று முதல்தான், மணலில் மனிதக் காலடி கேட்டால் போதும், நண்டு பக்கவாட்டில் விழுந்தடித்து ஓடி வளைக்குள் புகுந்துகொள்கிறது. வருகிறவன் கேட்டுவிடக் கூடாதே என்று.